இன்னிக்கு யாரு முறை?

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது லிஃப்ட் மெக்கானிக் ஒரு கட்டடத்தின் அடிக்குழிக்குள் குந்தி உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேலே லிஃப்ட் பெட்டி மாடியில் நிறுத்திப் பூட்டப்பட்டிருந்தது. இரும்புத் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் காய்ந்து கறுப்புப் பிசினாகப் பிடித்திருக்க, அதைத் தகட்டால் சுரண்டிச் சுரண்டி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தான். அந்தக் குழிக்குள் சிக்னல் கிடைப்பதே பெரிய விஷயம். கிடைத்ததும் வந்து விழுந்த சேதி இது: மகள் படிக்கும் பள்ளியின் தலைமை ஆசிரியை அவனை உடனே பார்க்க வேண்டுமாம். பேசியவர் அலுவலக எழுத்தர். என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "வாயில புகையிலை அடக்கி வெச்சிருந்தா சார். கையும் களவுமா மாட்டிக்கிட்டா. மத்ததெல்லாம் நேர்ல வாங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவள் படிப்பது பத்தாம் வகுப்பு. அதுவும் வகுப்புத் தலைவி. பரீட்சைக்கு இன்னும் சில வாரம்தான் இருக்கிறது. மனைவிக்குச் சொல்லலாம் என்றால் அவள் சலவைக்கடையில் இஸ்திரிப் பெட்டியோடு நின்றுகொண்டிருப்பாள், பகலில் போனை எடுக்க விடமாட்டார்கள். ஏணியில் ஏறி மேலே வந்தான். கையைத் துடைத்தான். பிறகு அந்தக் கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போய் வட்ட டப்பியைத் திறந்து, வெள்ளைத் துணிப்பொட்டலம் ஒன்றை எடுத்து, கீழுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் சொருகிவிட்டது. மகள் புகையிலை போட்டு மாட்டிக்கொண்டாள் என்று கேட்டதும் பதற்றம் தணிய அப்பன் புகையிலை போட்டுக்கொள்கிறான். கேட்பவர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம், தப்பே இல்லை. பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் தான் செய்தது அவனுக்கே உறைத்தது. அதற்குள் அது சுகமாக ஊற ஆரம்பித்திருந்தது, துப்ப மனசு வரவில்லை.

அவன் பயந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தத் தலைமை ஆசிரியை வேறு யாருமில்லை, அவனுக்கு ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் எடுத்த டீச்சர். அவர் அந்தப் பள்ளிக்குத் தலைமையாக வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் மகளையே அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தான். சேர்க்கப் போன அன்றைக்கு டீச்சர் அவனைப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். "என் தங்கக் கட்டி வந்திருக்கான்" என்று பக்கத்திலிருந்த ஆசிரியர்களிடம் சொன்னார். தாடி நரைத்துக்கொண்டிருந்த மெக்கானிக்குக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

தங்கக் கட்டி ஆன கதை பெரிய கதை. அப்போது டீச்சருக்கு அதுதான் முதல் வேலை. ஆள் ஒல்லி, குரல் ஆளைவிட ஒல்லி. அவர் கரும்பலகையில் படம் போடத் திரும்பினால் வகுப்பு மொத்தமும் சந்தைக்கடையாகிவிடும். தலைமை ஆசிரியர் வராந்தாவில் நடந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார், அது திட்டுவதைவிட மோசம். ஒருநாள் டீச்சர் சாக்பீஸை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அழுகிறார் என்று முதல் பெஞ்சுக்குத் தெரிந்தது. கடைசி பெஞ்சுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் சத்தமே அங்கிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

கடைசி பெஞ்சில் மூன்று பேர். அவன், ஜில்லு, மைக். ஜில்லு எந்நேரமும் சட்டையின் மேல் பட்டன்களைத் திறந்து போட்டுக்கொண்டு காற்று வாங்குவான். மைக்குக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று சொல்லவே வேண்டாம். அவன் மெதுவாகப் பேசினால் பக்கத்து வகுப்பில் கேட்கும், சத்தமாகப் பேசினால் தெருவில் நாய் குரைக்கும். எந்த ஆசிரியர் நடந்தாலும் பேசினாலும் விளையாட்டு வர்ணனை மாதிரி கூடவே ஓட்டிக்கொண்டிருப்பான். அவனைப் பார்த்து வகுப்பு சிரிக்கும், வகுப்பு சிரிக்கிறதே என்று அவன் இன்னும் ஓட்டுவான்.

ஒரு மழை நாளில் மைக் தன் மாமாவின் சட்டைப் பையிலிருந்து அந்தப் பொட்டலங்களைத் திருடிக்கொண்டு வந்தான். கட்டைவிரல் நகத்தளவு, வெள்ளையாக, மோந்தால் புதினா வாசனை. புகை வராது, நாற்றம் வராது, தீப்பெட்டி வேண்டாம், யாருக்கும் தெரியாது என்று விளம்பரக்காரன் மாதிரி எடுத்துச் சொன்னான். சிகரெட் என்றால் கெட்ட பையன்கள், இது அப்படி இல்லை, இது வாசனைதானே என்றான். மூவரும் உதட்டுக்குள் சொருகிக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் ஜில்லுவுக்கு விக்கல். இவனுக்குக் கரும்பலகை இரண்டாகத் தெரிந்தது. மைக்கின் முகத்தில் ஈயாடவில்லை. வாயில் ஊறியதைத் துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் மூன்று பேரும் பேயறைந்த மாதிரி நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சர் திரும்பிப் பார்த்தார். சத்தம் போடுகிறவர்களே அடங்கிவிட்டதால் வகுப்பும் அடங்கிக் கிடந்தது. அன்றைக்குத்தான் அந்த ஒல்லிக் குரல் முதல் தடவையாகக் கடைசி சுவர்வரை வந்து சேர்ந்தது.

இனிமேல் ஜென்மத்துக்கும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அடுத்த வாரமே தொட்டார்கள்.  மழை பெய்துகொண்டிருந்தது, ஒரு பெஞ்சில் மூன்று பேர் இருந்தார்கள், உலகத்துக்குத் தெரியாத ரகசியம் ஒன்று அவர்களிடம் இருந்தது. அந்த வயதில் மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? அதற்குத் தலையணை என்று பெயர் வைத்தவனும் மைக்தான். உதட்டுக்குள் போய்ச் சுகமாகப் படுத்துக்கொள்கிறதாம்.

சிக்கல் ஒன்று இருந்தது. வாயில் தலையணை இருக்கும்போது டீச்சர் கேள்வி கேட்டுவிட்டால்? அதற்குத்தான் முறை வைத்தார்கள். தினமும் ஒருவன் வாயைக் காலியாக வைத்துக்கொள்ள வேண்டும். மற்ற இருவருக்கும் சேர்த்து அவன்தான் பேச வேண்டும். கேள்வி வேறு யாருக்கு வந்தாலும் முறைக்காரன் எழுந்து நின்று, "அவனுக்குப் பல்வலி டீச்சர், நான் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் பதிலையும் சொல்ல வேண்டும். பதில் தெரியாவிட்டால் மாட்டிக்கொள்வார்களே, அதனால் முறைக்காரன் முதல் நாளே பாடத்தைப் படித்துவிட்டு வருவான். காலையில் பள்ளி வாசலில் பார்த்ததும் வணக்கம் கிடையாது, ஒன்றும் கிடையாது. "இன்னிக்கு யாரு முறை?" அதுதான் அவர்களுடைய வணக்கம்.

மாதாமாதம் அமைதியான வகுப்புக்கு ஒரு மரக்கேடயம் கொடுப்பார்கள். அந்த வருஷம் அது அவர்கள் வகுப்புக் கதவை விட்டு இறங்கவே இல்லை. டீச்சரின் குரல் தடித்தது, நடை மாறியது. புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிற விதமே வேறு. வருஷக் கடைசியில் கடைசி பெஞ்சை எழுந்து நிற்கச் சொல்லி ஆளுக்கொரு பேனா கொடுத்தார். இந்த மூன்று பேர் மாறியதைப் பார்த்துத்தான் எனக்கு வாத்தியார் வேலை வரும் என்ற நம்பிக்கையே வந்தது என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நன்றி சொல்ல வாயைத் திறக்க முடியாமல் அவனும் ஜில்லுவும் கும்பிடு போட்டார்கள். அன்றைக்கு முறை மைக்குடையது. மூவருக்கும் சேர்த்து அவன் சொன்ன நன்றியில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இந்தக் கதையை அவன் வீட்டில் சாப்பிட உட்காரும்போதெல்லாம் சொல்லுவான். மகள் விவரம் தெரிந்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்தவள். விக்கல் எடுத்த ஜில்லு மாதிரி அவன் நடித்துக் காட்டுவான், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒரு இடத்தை விட்டுவிட்டால் அவளே எடுத்துக் கொடுப்பாள். கடைக்குப் போக வேண்டுமா, பாத்திரம் தேய்க்க வேண்டுமா, அப்பாவும் மகளும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து "இன்னிக்கு யாரு முறை?" என்பார்கள். மனைவிக்கு மட்டும் இதில் சிரிப்பு வராது. கல்யாணமான புதிதில் அவள் சண்டை போட்டுப் பார்த்தாள், அழுது பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

கதை எப்போதும் பேனாவோடு முடிந்துவிடும். அதற்கு மேலும் கொஞ்சம் இருந்தது, அதை அவன் சொன்னதில்லை. ஜில்லு ஏதோ தூர தேசத்துக்கு வேலைக்குப் போய் எல்லாவற்றையும் விட்டுவிட்டான். மைக்குக்கு முப்பது வயது தாண்டியதும் கன்னம் உள்ளே இறுக ஆரம்பித்தது. வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க மறுத்தது. இப்போது ஒரு விரல் நுழையும், அவ்வளவுதான். குழந்தைக்கு ஊட்டுகிற கரண்டியால் கரைத்த சோற்றை உள்ளே தள்ளுகிறார்கள். போன வருஷம் அவனைப் பார்க்கப் போயிருந்தான். பழைய வாத்தியார் ஒருத்தரின் நடையை மைக் கையாலேயே நடித்துக் காட்டினான், மூக்கால் சிரித்தான். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது மெக்கானிக் அழுதுவிட்டான். அதற்கும் ஒரு தலையணையைத்தான் போட்டுக்கொண்டான்.

பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வராந்தா முழுக்க ஏதோ ஒரு வகுப்பு வாய்ப்பாடு ஒப்பிக்கிற சத்தம். தலைமை ஆசிரியையின் அறை வாசலில் மகள் நின்றுகொண்டிருந்தாள். சட்டையில் தலைவி என்று எழுதிய வில்லை இருந்த இடத்தில் ஊசி குத்திய துளைகள் மட்டும் தெரிந்தன. அவனைப் பார்த்ததும் முதலில் அவன் கண்ணைப் பார்க்கவில்லை. உதட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வாடா, வா, உள்ளே வா" என்றார் டீச்சர். தலை முழுக்க வெளுத்துவிட்டது, குரல் மட்டும் அன்றைக்குத் தடித்தது தடித்ததுதான். அவன் உட்கார்ந்தான். மகள் அவன் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள். மேசையில் ஒரு சின்ன டார்ச், பக்கத்தில் அவளுடைய தலைவி வில்லை.

டீச்சர் நடந்ததைச் சொன்னார். பிள்ளைகளிடம் இந்தப் பழக்கம் பரவிவிட்டது, பையன் பெண் என்கிற வித்தியாசமெல்லாம் கிடையாது. படிக்கும்போது தூக்கம் வராது என்கிறார்கள், பல்வலிக்கு நல்லது என்கிறார்கள், சூயிங்கம் மாதிரிதானே என்று அவரிடமே ஒரு பெண் கேட்டாளாம். பஸ் நிறுத்தத்துக் கடையில் மிட்டாய்ச் சரத்துக்குப் பக்கத்திலேயே அதையும் தொங்கவிட்டிருக்கிறான். அதனால் திங்கட்கிழமைதோறும் காலையில் வாய்ச் சோதனை வைத்திருக்கிறார்கள். வகுப்புத் தலைவர் டார்ச் அடித்து ஒவ்வொருவர் வாயாகப் பார்க்க வேண்டும். இவள் வகுப்பில் மட்டும் ஒருத்தர்கூட மாட்டியதில்லை. டீச்சருக்கு ஏக சந்தோஷம், தன் தங்கக் கட்டியின் மகள் அல்லவா. இன்றைக்கு அந்த வகுப்பைப் பாராட்டலாம் என்று போனவர், போனதற்கு டார்ச்சை வாங்கித் தலைவியின் வாயில் அடித்துப் பார்த்திருக்கிறார்.

"எல்லார் வாயையும் பாக்கறவ வாயை யாரும் பாக்கலடா. மேல் உதட்டுல சொருகியிருந்தா. சோதனை பண்றவங்க கீழதானே பாப்பாங்க. இந்த வயசுல இதெல்லாம் எங்கேதான் கத்துக்கறாங்களோ."

 மேல் உதட்டில் வைத்தால் யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது ஜில்லு கண்டுபிடித்தது. சாப்பாட்டு வேளையில் மெக்கானிக் அதை மகளுக்குத் தன் உதட்டைத் தூக்கியே காட்டியிருக்கிறான். அவள் கேட்டதற்காக இரண்டு தடவை காட்டினான். இப்போது அவன் வாயில் எச்சில் ஊறிக்கொண்டே போனது. விழுங்கினான். தொண்டை எரிந்தது.

டீச்சர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். நிர்வாகத்தில் இவளை உடனே டி.சி. கொடுத்து அனுப்பச் சொல்கிறார்களாம். பரீட்சை நேரத்தில் வேறு எந்தப் பள்ளியும் எடுக்காது, ஒரு வருஷம் போய்விடும். தன்னால் ஒன்று செய்ய முடியும் என்றார். வீடு நல்ல வீடு, இந்தப் பழக்கம் வீட்டில் யாருக்கும் இல்லை, வெளியே கெட்டுவிட்டாள், திருத்திவிடலாம் என்று தானே பொறுப்பேற்றுக்கொண்டு பேச முடியும். அதற்கு அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வேண்டும்.

"நீ சொன்னா போதும்டா. உன்னை எனக்குத் தெரியாதா? வீட்ல யாரும் இதைத் தொடறதில்லையே?"

அவன் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் புதினா வாசனையோடு எல்லாம் வெளியே வந்துவிடும்.  டீச்சர் கண்ணாடிக்கு மேலே அவனைப் பார்த்தார். வராந்தாவில் வாய்ப்பாடு நின்று, யாரையோ வாத்தியார் திட்டுவது கேட்டது. அப்போது மகள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"அப்பாவுக்குப் பல்வலி டீச்சர். ரெண்டு நாளா பேச முடியல. நான் சொல்றேன். வீட்ல யாரும் தொடறதில்ல."

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. டீச்சரின் முகம் அப்படியே இளகிவிட்டது. அடப் பாவமே, பல்வலியோடவா ஓடி வந்தே என்றார். இவனுக்குச் சின்ன வயசிலேயே பல்வலி உண்டு, அவன் பெஞ்சில் யாருக்காவது ஒருத்தனுக்கு எப்போதும் பல்வலிதான், ஆனாலும் ஒருநாள் லீவு போடமாட்டார்கள், வாயை மூடிக்கொண்டு பாடம் கேட்பார்கள் என்று மகளிடம் பெருமையாகச் சொன்னார். பிறகு அவன் பக்கம் திரும்பி, பேச வேண்டாம், தலையை ஆட்டு போதும் என்றார். அவன் ஆட்டினான். நன்றாகவே ஆட்டினான். டீச்சர் தலைவி வில்லையை மட்டும் எடுத்து இழுப்பறைக்குள் போட்டுக்கொண்டு, பெண்ணை நாளையிலிருந்து வகுப்புக்கு அனுப்பு, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன், முதலில் போய்ப் பல்லைக் காட்டு என்றார்.

முடிந்துவிட்டது. அவ்வளவு லேசாக முடிந்துவிட்டது. வராந்தாவுக்கு வந்ததும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. டி.சி. இல்லை, வருஷம் வீணாகவில்லை. மகள் ஒட்டினாற்போலப் பக்கத்தில் நடந்து வந்தாள். படிக்கட்டு வரைக்கும் வந்ததும் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து, எட்டி, காதோடு சொன்னாள்.

"இன்னிக்கு என் முறைப்பா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுடைய சிரிப்பு அவனுக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். இது அது இல்லை. ஒரு பக்க உதடு மட்டும் மேலே போகிற, பல் தெரியாமல், உள்ளே இருப்பது நழுவாமல் சிரிக்கிற சிரிப்பு. பெஞ்சில் அவனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து மைக் சிரித்த சிரிப்பு. டீச்சர் பேனா கொடுத்துவிட்டுத் திரும்பியதும் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்களே, அந்தச் சிரிப்பு. அதை எத்தனையோ வருஷமாக நினைத்து நினைத்து ஏங்கியிருக்கிறான். திரும்ப ஒருநாள் கிடைக்காதா என்று பஸ்ஸிலும் குழிக்குள்ளும் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். கிடைத்தது, பெற்ற பெண்ணின் முகத்தில். 

மகளின் கையைப் பிடித்தான். டீச்சர் அறைப் பக்கம் திரும்பி நடந்தான். "அப்பா, என்னப்பா, எங்கப்பா?" என்று அவள் கேட்டுக்கொண்டே இழுபட்டு வந்தாள். என்ன செய்யப் போகிறான் என்று பாதி வழியில் புரிந்துவிட்டது போல, கையை உருவப் பார்த்தாள். "வேணாம்பா. அதான் முடிஞ்சிடுச்சே. என்னை அனுப்பிடுவாங்கப்பா" என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினாள். அவள் சொன்னது நியாயம். அனுப்பினாலும் அனுப்பிவிடுவார்கள். அவனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது. கால் மட்டும் நிற்கவில்லை.

டீச்சர் தலை நிமிர்ந்து பார்த்தபோது அவன் மேசைக்குப் பக்கத்திலிருந்த குப்பைக்கூடையை எடுத்துக்கொண்டிருந்தான். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, விரலை விட்டுப் பொட்டலத்தை எடுத்து அதில் போட்டான். ஊறியதைத் துப்பினான். கைக்குட்டையால் வாயைத் துடைத்தான். கைக்குட்டையில் கிரீஸும் பழுப்பும் கலந்துவிட்டது.

"பல்வலி இல்ல டீச்சர்" என்றான்.

டீச்சர் கூடைக்குள் பார்த்தார், அவனைப் பார்த்தார். புதினா வாசனை அறை முழுக்க வந்துவிட்டது.

"பாப்பா சொன்னது பொய். நான் தலையாட்டினதும் பொய். வீட்ல நான்தான் போடறேன். இவ வெளிய கெட்டுப் போகல டீச்சர். எங்கிட்டதான் கத்துக்கிட்டா. சிரிச்சு சிரிச்சு சொல்லிக் கொடுத்திருக்கேன்."

எத்தனை வருஷமா என்று டீச்சர் கேட்டார். அவன் குனிந்துகொண்டு, "உங்க வகுப்புலேருந்து" என்றான். அதற்கு மேல் அவரே கணக்குப் போட்டுக்கொண்டார். கடைசி பெஞ்சு, பல்வலி, மரக்கேடயம், பேனா, எல்லாம் ஒவ்வொன்றாக அவர் முகத்தில் வந்து போவதை அவன் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாமல் அந்த முகம் பழைய ஒல்லி டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றபோது எப்படி இருந்திருக்குமோ அப்படி இருந்தது.

"நான் நல்லா நடத்தறேன், அதான் பசங்க அமைதியா கேக்கறாங்கன்னு நெனச்சேன்டா" என்றார். "அதை வெச்சுத்தானே இத்தனை வருஷம் ஓட்டினேன்."

அவனுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பான். வாய் காலியாக இருந்தது. பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. நல்லாத்தான் நடத்துனீங்க டீச்சர் என்று ஆரம்பித்தான். வாயை மூடிக்கொண்டு இருந்தால் காதுதானே வேலை செய்யும், அந்த வருஷம் கேட்டது மாதிரி வேறு எந்த வருஷமும் பாடம் கேட்டதில்லை. நீங்கள் உங்கள் கைப்பையை ஒரு பக்கம், செங்கல்லை ஒரு பக்கம் கட்டி, ஜன்னல் கம்பியில் கப்பி மாட்டி, இந்தப் பக்கம் இறங்கினால் அந்தப் பக்கம் ஏறும் என்று காட்டினீர்களே, லிஃப்ட் அப்படியேதான் ஓடுகிறது, பெட்டி ஏறும்போது எதிர்எடை இறங்குகிறது, ஒவ்வொரு தடவை மேலே மோட்டார் அறையில் நிற்கும்போதும் உங்கள் கைப்பைதான் ஞாபகம் வருகிறது என்றான். கைப்பையின் நிறத்தைக்கூடச் சொன்னான். இவ்வளவு நீளமாக அவன் எவரிடமும் பேசி வெகுகாலம் ஆகியிருந்தது. டீச்சர் கேட்டுக்கொண்டே இருந்தார். சமாதானம் ஆனாரா இல்லையா என்று தெரியவில்லை.

பிறகு மகளைப் பார்த்து, அவளிடம் சொல்லாத மீதிக் கதையைச் சொன்னான். மைக்கைப் பற்றித்தான். கரண்டியைப் பற்றிச் சொன்னான். இந்தத் தடவை எதையும் நடித்துக் காட்டவில்லை. அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு கேட்டாள். மைக் மாமாவா, நம்ம மைக் மாமாவா என்று ஒரே ஒரு தடவை குறுக்கே கேட்டாள். அவள் பார்த்தே இராத அந்த மனிதரைக் கதையிலேயே வளர்த்து மாமா ஆக்கி வைத்திருந்தான்.

டீச்சர் அவளிடம் வரவில்லை, திட்டவில்லை. டி.சி. பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான். மகள் சுவரை விட்டு நகர்ந்து மேசைக்கு வந்தாள். டார்ச்சை எடுத்தாள். டீச்சர் தடுக்கவில்லை. அவள் அவன் எதிரே வந்து நின்றபோது கன்னமெல்லாம் ஈரம், துடைத்துக்கொள்ளவில்லை.

"உக்காருங்கப்பா. வாயத் தொறங்க."

அவன் யாருக்கும் வாயைத் திறந்து காட்டியதில்லை. சில மாதமாகக் கீழுதட்டின் உள்பக்கம் ஒரு இடம் சொரசொரவென்று நாக்கில் தட்டுகிறது. காரம் பட்டால் எரிகிறது. கண்ணாடியில்கூடப் பார்த்துக்கொள்ளாமல் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தான். டாக்டரிடம் போனால் என்ன சொல்லிவிடுவாரோ என்று அந்தப் பக்கமே போகவில்லை. இப்போது அவள் நிற்கிறாள், வேறு போக்கிடமில்லை. உட்கார்ந்தான். திறந்தான்.

எத்தனையோ வாய் பார்த்துப் பழகிய கை. முதலில் வலது கன்னம், பிறகு இடது. நாக்கத் தூக்குங்க என்றாள், தூக்கினான். மேல் உதட்டை ஒரு விரலால் விலக்கிப் பார்த்தாள். கீழ் உதட்டை மெதுவாகப் பிடித்து வெளியே இழுத்தாள். வெளிச்சம் அங்கே போனது. பிறகு நகரவில்லை.

என்னம்மா தெரியுது என்று டீச்சர் கேட்டார். அவள் உதட்டைப் பிடித்த விரலை விடவில்லை. டீச்சர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து மேசையைச் சுற்றி வந்தார், அவள் தோளுக்கு மேலே குனிந்தார். மெக்கானிக் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். வாயை மூடவில்லை.